துறைமுகத்து மெடல்

வில்லாபுரத்தில் என் பங்காளி சோலை அண்ணன் வீட்டு ஹாலில் வெள்ளைக்காரன் காலத்து மெடல் ஒன்று தொங்கும். அவருடைய பூட்டன் பட்டாளத்தோடு போய், அரபுத் துறைமுகச் சண்டையில் வாங்கியதாம். அதற்காகவே வருடா வருடம் குலசாமி கோயிலில் அவர் தலையில்தான் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இந்த மாசி சிவராத்திரிக்குத் தயாராகப் போனேன். பரிவட்டத் தட்டு வந்ததும் எழுந்தேன்.

"அந்தத் துறைமுகம் யாருக்குன்னு ரெண்டு அரபுக் குலத்துக்காரங்க அடிச்சுக்கிட்டாங்க. ஊடால போன வெள்ளைக்காரன் பட்டாளம், ஒண்ணும் தெரியாத மீனவ சனங்க குடிசையக் கொளுத்திருச்சு. என் மக புத்தகத்துல படிச்சுக் காட்டுச்சு. குடிசையக் கொளுத்துனவன் வம்சத்துக்கா பரிவட்டம்?"

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள்.

"மெடல் வாங்குனவரு வம்சத்துக்கு இனிமே பரிவட்டம் கிடையாதுப்பா."

என் வயிறு குளிர்ந்தது.

சோலை அண்ணன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மெடலை எடுத்தார். பளபளவென்று இருந்தது.

"போன வாரம் பாலிஷ் போடக் குடுத்தேன், காளை. அழுக்குப் போனதும் ஓரத்துல பேரு தெரிஞ்சுச்சு. ஒன் பூட்டன் பேரு. எங்க வீட்டுல குடுத்து வச்சுருக்காரு போல. எம்புட்டு வருசமா ஒனக்குச் சேர வேண்டியத நான் கட்டியிருக்கேன்! இன்னைக்கு எல்லாரு முன்னாலயும் ஒன் தலையில கட்டச் சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சுட்டியே தம்பி."

மெடலை என் கையில் வைத்தார்.

பூசாரியின் தட்டு என்னைத் தாண்டிப் போனது.