மணிக்கு ஒரு பாஸ்வேர்டு

“யார் குடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க. விஷயத்தை இந்த ரூமுக்குள்ளேயே முடிச்சுக்கலாம்.”

கேட்டவர் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். எதிரே நின்றவள், ரிப்போர்ட் கவுன்ட்டரில் பதினோரு வருடமாக உட்காரும் அக்கா. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். திருட்டு முழி என்று சொல்வார்களே, அது அச்சு அசலாக அங்கே இருந்தது.

வேலைநீக்கக் கடிதம் மேஜைமேல் தயாராகக் கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டியவர் சென்டரின் சொந்தக்காரர் டாக்டரம்மா. திருடி என்ற பட்டத்தோடு வெளியே போனால் அக்காவை வேறு எந்த சென்டரும் வாசலிலேயே நிறுத்திவிடும். அது மூன்று பேருக்குமே தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார் டாக்டரம்மா. தலைவருக்குக் கேட்க வேண்டுமா? ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் லேசில் விடமாட்டார்.

நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் கிளவுடில் இருக்கின்றன. அதாவது, எங்கேயோ யாரோ வாடகைக்கு விடும் கம்ப்யூட்டரில். அதைத் திறக்கும் பாஸ்வேர்டை ஒரு காலத்தில் எல்லோரும் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். சாவிக்கொத்து வந்துதான் அந்த அநியாயத்தை ஒழித்தார். அவர் எழுதிய புரோகிராம் மணிக்கு ஒரு தடவை முப்பத்திரண்டு எழுத்தில் புதுப் பாஸ்வேர்டை உண்டாக்கும், பழையதைக் கடாசும், புதியதை கிளவுடிலேயே ஒரு பெட்டகத்தில் வைத்துப் பூட்டும். கவுன்ட்டர் மென்பொருள் அங்கிருந்து தானே எடுத்துக்கொள்ளும். மனுஷக் கண் படவே படாது. தன் கண்ணே படாது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

“ஒரு வருஷமா ஓடுது மேடம். வேற எடத்துல இப்படிப் போட்டா, உள்ளே போக முடியலைன்னு வாரத்துக்குப் பத்துப் பேர் வந்து நிப்பாங்க. நம்மகிட்ட ஒருத்தர்கூட வெளியில நின்னதில்லை. ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது.”

அதற்குத்தான் போன மாதம் அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை மேஜையில், வருகிறவர்கள் படிக்கத் தோதாகத் திருப்பி வைத்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட கோட்டைக்குள் நேற்றுக் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு அக்கா நுழைந்துவிட்டாள். கவுன்ட்டர் மென்பொருள் உறைந்து போயிருக்கிறது. அவசரத்துக்கென்று இருக்கும் தனித் திரையைத் திறந்து, கையாலேயே பாஸ்வேர்டு அடித்து, ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பெட்டகத்தை விட்டு வெளியே வராத பாஸ்வேர்டு கவுன்ட்டருக்கு எப்படி வந்தது? திருடாமல் வருமா? சாவிக்கொத்து கேட்டதில் நியாயம் இருந்தது.

“என்னம்மா அடிச்சே?” என்றார் டாக்டரம்மா.

“அதைச் சொன்னா வேலை போயிடும் மேடம்.”

“சொல்லாட்டியும் போகத்தான் போகுது,” என்றார் சாவிக்கொத்து.

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆபரேஷனுக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவர் ரிப்போர்ட்டுக்காக ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். சாவிக்கொத்துக்கு மூன்று தடவை போன் செய்தாள். அவர் பாதுகாப்பு பற்றிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. திறக்காது என்று தெரிந்தேதான் அந்தத் திரையைத் திறந்தாள். வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்ததை விரல் அடித்தது. திறந்துகொண்டது.

“அதான், என்ன அடிச்சே?”

அக்கா தரையைப் பார்த்தே சொன்னாள்.

“சாவிக்கொத்து ஒரு வெத்துவேட்டுன்னு அடிச்சேன் மேடம்.”

டாக்டரம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. சாவிக்கொத்தின் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனாலும் மனிதர் அசரவில்லை. தன் புரோகிராம் தப்புப் பண்ணும் என்று அவர் கனவில்கூட நினைக்கமாட்டார். அவர் பிரிவிலேயே ஒரு கறுப்பாடு இருக்கிறதாம். வேண்டுமென்றே இந்த வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைத்து, இந்த அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறதாம். இவளோடு சேர்த்துத் தன் கீழே இருக்கும் ஆறு பேரையும் இன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஆறு கடிதம் அடிக்க எவ்வளவு நேரமாகும் என்றும் சொன்னார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அக்காவை அந்தத் திரையைத் திறக்கச் சொல்லி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் டாக்டரம்மா.

வீண் வேலை என்று சிரித்தார் சாவிக்கொத்து. நேற்றிலிருந்து இருபது தடவைக்கு மேல் பாஸ்வேர்டு மாறிவிட்டது, இனி அந்த வாக்கியத்தைத் தலைகீழாக அடித்தாலும் திறக்காது என்றார்.

டாக்டரம்மா தட்டினார். நோயாளிகளின் பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்து விழுந்தன.

அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாவிக்கொத்து ஒரு கணம் திகைத்தார், ஒரு கணம்தான். உடனே மேஜையைத் தட்டினார்.

“பாத்தீங்களா மேடம், இன்னமும் அதையேதான் வெச்சிருக்கான். இவங்க சொன்னதை அடிச்சீங்க, திறந்துடுச்சு. இதைவிட ஆதாரம் வேணுமா?”

டாக்டரம்மா கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

“நான் எதுவுமே அடிக்கலை தம்பி, வெறும் என்டர்தான் தட்டினேன்.”