ஆடும் சுருதி

“இசைத்தட்டோட ஓட்டை சரியா நடுவுல இல்லேன்னா சுருதி ஆடத்தான் செய்யும், மேடம். மயிரிழை விலகினாப் போதும்,” என்றார் கடைக்காரர். “இந்த மெஷின் அதை அளந்து, தட்டையே நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்துடும்.”

“அப்படியும் ஆடினா?” என்றாள் அக்கா.

“அப்ப பதிவே அப்படி. வாசிச்சவர் கை தடுமாறியிருக்கணும். இல்லேன்னா, அசலை ஓடவிட்டு யாரோ எடுத்த நகல். ஆட்டமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.”

பின்னால் நின்ற தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

அப்பா வயலின் வாசித்து வெளிவந்த ஒரே இசைத்தட்டு அது. கேட்டவர்கள் எல்லாம், மனுஷர் குடித்துவிட்டு வாசித்திருக்கிறார் என்றார்கள். அப்பா ஒரு நாளும் குடித்தவரில்லை. நேற்றுகூடச் சித்தப்பா நாலு பேர் முன்னால் அந்தக் குடிப்பேச்சைச் சொல்லிச் சிரித்தார். அந்த வாயை அடைக்கத்தான் அக்கா இங்கே வந்திருந்தாள்.

ஏதோ ஒரு நெருக்கடியில் அசலை யாருக்கோ விற்றுவிட்டு, அதே உறைக்குள் நகலைச் செருகி வைத்தவன் தம்பி.

“வேணாங்க்கா. ஊசி கீறிடப்போகுது.”

“நீ ஏண்டா பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கறவன் மாதிரி முழிக்கற? ஏதாவது சொல்லணும்னா சொல்லு.”

சொன்னால் அப்பா அந்தப் பழியிலிருந்து தப்பிப்பார். அக்கா இனி இவன் முகத்தில் விழிக்க மாட்டாள். “ஒண்ணுமில்லக்கா,” என்றான். அக்கா நெடுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம் தலையசைத்தாள்.

தட்டு சுழன்றது. மெஷினின் சின்னக் கை ஒன்று தட்டின் கடைசி வரிப்பள்ளத்தைத் தொட்டு அளந்தது. தட்டு இம்மியளவு நகர்ந்தது. ஊசி இறங்கியது.

வயலின் எழுந்தது. நீண்ட ஒற்றைச் சுரம்; இழுத்துக் கட்டிய கம்பிபோல நேராக, ஒரு நடுக்கமும் இல்லாமல்.

“அவர் கை சுத்தம், மேடம். ஓட்டைதான் கோணல்.”

தம்பி பெருமூச்சு விட்டான். பாதியிலேயே அது நின்றுபோனது. நகல் எப்படி நேராகும்?

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ வித்தவர்கிட்டேருந்து போன வருஷமே இதை மீட்டுட்டேன்டா,” என்றாள் மெதுவாக. “நீயா வந்து சொல்லுவேன்னுதான், வீட்டுல இன்னும் அந்த நகலையே போட்டுக் கேட்டுட்டிருக்கேன்.”