எல்லைக்கல் வரை

அயர்லாந்தில் அந்தச் சின்னஞ்சிறு ஊர் தனியாக ஒரு பாராளுமன்றத் தொகுதியாக இருந்தது. ஓட்டுப் போடும் உரிமை என்னவோ ஜெர்விஸ் ஒருவனுக்குத்தான். தேர்தலன்று பண்ணையாரின் ஆள் அவன் காதில் ஒரு பெயரை ஓதுவான். ஜெர்விஸ் சந்தைத் தூணருகே நின்று கிளிப்பிள்ளை மாதிரி அதை உரக்கச் சொல்வான்; அதுதான் ஓட்டு. வென்றவரை ஊரார் நாற்காலியில் உட்காரவைத்து எல்லைக்கல் வரை தூக்கிப்போவார்கள். அங்கே தலைநகருக்குக் குதிரைவண்டி காத்திருக்கும். போனவர் எவரும் அதற்குப் பிறகு இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

பிறகு தொகுதியையே ஒழித்துவிட்டார்கள். இருந்தும் பழக்கம் விடுமா? அடுத்த தேர்தல் நாளில் ஊர் தூணருகே கூடிவிட்டது. ஜெர்விஸ் காத்திருந்தான். காதருகே யாரும் வரவில்லை. பண்ணையார் மாளிகையின் சன்னலை ஒருமுறை பார்த்தான். பிறகு சிரிப்பு வந்தது.

"லெட்டிஸ்!" என்று கத்தினான்.

கூட்டத்தில் நின்ற அவன் மனைவி, "கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?" என்றாள். அதற்குள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிவிட்டார்கள். மாவு படிந்த கைகளால் நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கூரைகளை மேலிருந்து பார்த்தபடியே போனாள். "பாதிரியார் வீட்டுக் கூரை இந்த மழைக்குத் தாங்காது" என்றாள். ஜெர்விஸ் பெருமை பிடிபடாமல் கூடவே ஓடினான்.

எல்லைக்கல் வந்தது. வண்டி இல்லை. தூக்கியவர்கள் திகைத்து நின்றார்கள். ஆளோடு நாற்காலியைத் திருப்பி அவர்களுக்குப் பழக்கமே இல்லை.

"என்ன நின்னுட்டீங்க?" என்றாள் லெட்டிஸ். "ஊருக்குத் திருப்புங்கப்பா. அடுப்புல ரொட்டி இருக்கு."