கடைசிப் புள்ளி

திரையில் அந்தச் சிவப்பு அம்பு வந்து நின்றதுமே லிஃப்ட் மெக்கானிக்குக்கு ரத்தம் தலைக்கேறியது.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று பர்மிஷன் சொல்லிவிட்டு, கிரீஸ் கறை படிந்த யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தார். பக்கத்தில், ஒன்பதாவது படிக்கும் மகள்.

பிள்ளைகள் எவ்வளவு நேரம் தூங்குகிறார்கள், எவ்வளவு மார்க் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுத்து, அதை ஒரு புரோகிராம் எழுதி வரைபடமாகக் காட்டிக்கொண்டிருந்தார் கம்ப்யூட்டர் டீச்சர். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி. பேர் எதுவும் கிடையாது. திரை முழுக்க நீலப் புள்ளிகள் இறைந்து கிடந்தன.

வந்திருந்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கொட்டாவி விட்டார்கள்.

ஏதாவது ஒன்றைக் காட்டிச் சொன்னால்தான் விளங்கும் என்று டீச்சர் அங்கேயே கீபோர்டில் தட்டினார். அம்பின் முனை எந்தப் புள்ளியில் போய் நிற்க வேண்டும் என்று ஒரு வரி. எழுத்து எங்கே வர வேண்டும் என்று ஒரு வரி. நிறத்துக்கு ஒரு வரி. ஓட விட்டார்.

அடிமட்டத்தில் தனியாகக் கிடந்த புள்ளியின் மேல் அம்பு வந்து நின்றது. வால் பக்கத்தில் எழுத்து: 'தூக்கம் நாலு மணி நேரம். மார்க்கில் கடைசி.'

மெக்கானிக் படித்த காலத்தில் மார்க்கைச் சத்தம் போட்டு வாசித்து அவரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார்கள். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு இப்போது காதுக்குள் கேட்டது. நான் பட்டது போதாதா, என் பிள்ளையும் படணுமா?

எழுந்துவிட்டார்.

"டீச்சர், முதல்ல அந்த அம்பை எடுங்க."

டீச்சர் திகைத்துப் பார்த்தார்.

"படிப்பு ஏறலைன்னா எங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. இப்படி ஊரைக் கூட்டி வச்சு, அம்பு போட்டுக் காட்டுவீங்களா? பெத்தவனுக்கு எப்படி இருக்கும்?"

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பாவம், கூனிக் குறுகிப்போய்விட்டாள் என்று அவருக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

அவர் கேட்பது நியாயம்தானே என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு அம்மா எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக்கின் குரல் ஏறியது.

"என் பொண்ணு விடிய விடிய போனும் கையுமா கிடக்கறா. ஒத்துக்கறேன். மார்க்கும் சுமார்தான். அதுக்காக இத்தனை பேர் முன்னாடி இவளைக் கடைசின்னு காட்டணுமா?"

ஹாலில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. அத்தனை கண்ணும் அந்தப் பெண்ணின் மேல்.

டீச்சர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சார், அது உங்க பொண்ணு இல்ல. என் பையன். அவனும் இதே கிளாஸ்தான். யாரையாவது காட்டித்தான் ஆகணும்னப்போ, அடுத்தவங்க பிள்ளையைக் காட்ட எனக்கு மனசு வரல. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன்."

நியாயம் பேசிய பின்வரிசைக்காரர் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மெக்கானிக் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு டீச்சர் பேசியது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது அவர் மனசு லேசாகியிருந்தது. பட்ட அவமானம் போகட்டும், மகள் கடைசி இல்லையே. அவள் தோளில் கை போட்டார்.

"நல்லவேளை, அது நீ இல்ல. உனக்காகத்தானேம்மா அவ்வளவு கத்தினேன்?"

அவள் கையை மெதுவாக விலக்கினாள். அழவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அங்க எந்தப் புள்ளியிலயும் பேர் இல்லப்பா. நான்தான் கடைசின்னு அத்தனை பேர் முன்னாடி கை காட்டினது நீங்க மட்டும்தான்."