முதல் வசவு

"பெத்த பிள்ளையை இப்படியா பேசுவாங்க?"

சலூனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான். அதை விலக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனிடம் கேட்டாள்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. "பின்னே, கொஞ்சவா? கையில வந்து உட்கார்ந்த கேட்சை விட்டுட்டு முழிக்கிறான் தறுதலை. இதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா? இங்கேயே இருந்து முடி கூட்டியிருக்கலாம்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் நாட்டின் கிரிக்கெட் அணியோடு வெளிநாட்டில் ஆடுகிறான். அவனுக்கு இதுதான் முதல் டூர். முதல் மேட்சில் ஜெயித்தாலும் இவன் எடுத்தது சைபர். இரண்டாவதில் கேட்சை விட்டான், மேட்சும் போனது. இன்றைக்குக் கடைசி மேட்ச்; தோற்றால் தொடரே போச்சு.

போன வருஷம் இப்படித் தோற்றுவிட்டு வந்த ஒரு பவுலரின் வீட்டு ஜன்னல்களை ஜனங்கள் கல்லெறிந்து உடைத்ததை டிவியில் காட்டினார்கள். அதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. ஊரான் கல்லெடுப்பது இருக்கட்டும், வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் பொறுக்கிக் கொடுக்கிறாரே என்பதுதான் அவள் ஆற்றாமை.

அவருக்குப் போனில் பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்பதற்கு மேல் பேசத் தெரியாது. கடையில் மட்டும் மைக் விழுங்கினவர் மாதிரி ஒரே முழக்கம். அதில் தொண்டையும் கட்டிவிட்டது. காலையில் வெந்நீர் கேட்டார்.

"என் பிள்ளையைத் திட்டுறதுக்கு நானே வெந்நீர் வேற வச்சுத் தரணுமா?" என்று அடுப்பை அணைத்தவள்தான், இன்னும் பற்றவைக்கவில்லை.

மேட்ச் ஆரம்பித்தது. நாற்காலியில் இருந்த மளிகைக்காரருக்கு ஒரு கன்னம் ஷேவ் முடிந்திருந்தது. இன்னொரு கன்னத்துக்குப் புது ப்ளேடு மாற்றப் பார்த்தால், டப்பா காலி.

"நுரை காயறதுக்குள்ள வந்துடறேன்" என்று எதிர்க்கடைக்கு ஓடினார் சலூன்காரர்.

அவர் படியிறங்கியதும் கடை டிவியில் பந்து வானத்துக்கு எழும்பியது. கீழே, அண்ணாந்தபடி அவள் மகன். திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பந்து கைக்குள் வந்தது. வழுக்கி விழுந்தது.

"விட்டான்யா!" பெஞ்சிலிருந்த பஸ் டிரைவர் தொடையில் அறைந்தார். "காசு வாங்கியிருப்பான். இல்லாட்டி இப்படி விடுவானா?"

"வாங்காமலா? முழிய பாரு, திருட்டு முழி!" நுரைக் கன்னத்தோடு மளிகைக்காரர் துள்ளினார். "ஊருக்கு வரட்டும். ஏர்போர்ட்லயே வச்சு வாங்கணும்!"

"அதுவரைக்கும் ஏன்? வீடு இதோ பின்னாடிதானே. ரெண்டு கல்லு விட்டா புத்தி வரும்!"

அவள் திரையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் "தங்கச்சி, சௌக்கியமா?" என்று கேட்கிற டிரைவர்தான் அப்படிச் சொன்னது.

வாசலில் ப்ளேடு பாக்கெட்டோடு சலூன்காரர் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார் என்று அந்த முகமே சொன்னது.

அடுத்த நொடி கடை அதிர்ந்தது. "விட்டானா? மறுபடியுமா? வெண்ணெய் தடவின கை! தண்டச்சோறு! வரட்டும், படியேற விடமாட்டேன். இனிமே எனக்குப் பிள்ளையே இல்லை!"

நாற்காலியில் துள்ளியவர் மெல்லச் சாய்ந்துகொண்டார்.

"அட, விடுங்க மாஸ்டர்" என்றார் மளிகைக்காரர். "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"அதானே!" என்றார் டிரைவர். "இதுக்குப் போய் பிள்ளையே இல்லைம்பீங்களா? சின்னப் பையன், போகப் போகச் சரியாயிடுவான்."

மளிகைக்காரரின் மறு கன்னத்தை முடித்துவிட்டு, தண்ணீர் குடிக்கத் திரைக்கு இந்தப் பக்கம் வந்தார் சலூன்காரர். அவள் சொம்பை நீட்டினாள்.

"அவங்க பேசினதைக் கேட்டுட்டேன்" என்றாள்.

அவர் குரல் காற்றாகத்தான் வந்தது. "நான் வாயை மூடினா அவங்க திறக்கிறாங்க. என்னை என்ன செய்யச் சொல்றே?"

அவள் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் வைத்தாள். இத்தனை நாள் இந்த மனுஷரைக் கரித்துக் கொட்டினோமே என்றிருந்தது.

வெந்நீர் சுடக்கூட இல்லை. டிவியில் கூச்சல். அதே மகன், இந்த முறை காலுக்கு நடுவே பந்தை விட்டுவிட்டான். பவுண்டரி.

டிரைவர் எழுந்துவிட்டார். மளிகைக்காரர் வாயைத் திறந்தார். சலூன்காரர் கடைக்குள் பாய்ந்து கத்தப் பார்த்தார். உதடு அசைந்ததே தவிர, ஒரு சத்தமும் வரவில்லை.

திரை சரக்கென்று விலகியது. கையில் கரண்டியோடு அவள்.

"பாவி! உருப்படாதவனே! பத்து மாசம் உன்னைச் சுமந்ததுக்கு ஒரு துவைக்கிற கல்லைச் சுமந்திருந்தா, துணியாவது வெளுத்திருக்குமேடா!"

சலூன்காரர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

டிரைவர்தான் முதலில் பதறினார்.

"என்ன தங்கச்சி இது! பெத்த பிள்ளையை இப்படியா பேசுவாங்க?"