போட்டிக்கு வந்தவள்

"ஏங்க, இது சரியான்னு கொஞ்சம் பாருங்க" என்று பெண்கள் பெஞ்சிலிருந்து காகிதத்தை நீட்டினாள் விக்டோரியா.

எதிர் பெஞ்சில் இருந்த வரதன் வாங்கிப் பார்த்தான். பதிமூன்றை, ஒன்றும் சைபரும் மட்டுமே வரும் இரண்டின் கணக்குக்கு மாற்றி 1011 என்று எழுதியிருந்தாள்.

"இது பதினொன்னு ஆச்சே. ரெண்டால வகுத்து மீதி எழுதினதெல்லாம் சரிதான். ஆனா கீழேர்ந்து மேல படிக்கணும். கடைசியா வந்த மீதிதான் முன்னால நிக்கும்."

அவள் அடித்துவிட்டு 1101 என்று எழுதிக் காட்டினாள்.

"இப்பதான் பதிமூணு" என்று சிரித்தான் வரதன்.

அவன் பக்கத்தில் இருந்த மணவாளனுக்குப் பொறுக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலை கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. அதில் வேலை பழக ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம். எழுபத்து நான்கில் அந்தப் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாது. ஆனாலும் தேர்வு எழுத அறை நிறைய ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். எடுக்கப்போவதோ ஒரே ஓர் ஆளை.

"இன்னா பிரதர், நீ வேலைக்கு வந்தியா, டியூசன் எடுக்க வந்தியா?" என்றான் மணவாளன் தாழ்ந்த குரலில். "போட்டிக்கு வந்தவளுக்கே சொல்லிக் குடுத்துக்கினு கீற."

"சொல்லிக் குடுத்தா இன்னா கொறைஞ்சிடப் போவுது? உனக்கு எதுனா டவுட்டு இருந்தா நீயும் கேளு."

மணவாளன் கொஞ்சம் தயங்கினான். பிறகு கேட்டேவிட்டான். "இந்த எட்டுக் கணக்குதான் பேஜாராக் கீது. அதை எப்டி ரெண்டுக் கணக்குக்கு மாத்தறது?"

"அது ரொம்ப சுளுவு. எட்டுக் கணக்குல ஒரு இலக்கம்னா, ரெண்டுக் கணக்குல மூணு இலக்கம். அஞ்சுன்னா ஒன்னு, சைபர், ஒன்னு. ஒவ்வொண்ணா மாத்திப் பக்கத்துல பக்கத்துல எழுதிக்கினே போ, முடிஞ்சிது."

மணவாளனுக்குப் பாதி புரிந்தது. எதிர் பெஞ்சில் விக்டோரியாவும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வு முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி ராஜமாணிக்கம் விடைத்தாள்களோடு வந்தார்.

"வரதன், விக்டோரியா ரெண்டு பேரும் ஒரே மார்க்கு. மத்தவங்க போகலாம்."

மணவாளன் போகவில்லை. வாசலோரம் நின்றுகொண்டான். தனக்குக் கிடைக்காவிட்டாலும், கணக்கு சொல்லிக் கொடுத்தவனுக்காவது கிடைக்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

ராஜமாணிக்கம் கரும்பலகையில் 63 என்று எழுதினார். "இது எட்டின் கணக்குல இருக்கு. ரெண்டின் கணக்குல என்ன? யார் முதல்ல சரியாச் சொல்றீங்களோ, அவங்களுக்கு வேலை."

மணவாளன் வரதனைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். ஆனால் வரதன் வாயைத் திறக்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

விக்டோரியா விரல்களை மடக்கி நீட்டினாள். "ஆறுக்கு ஒன்னு, ஒன்னு, சைபர். மூணுக்கு சைபர், ஒன்னு, ஒன்னு. சேர்த்தா... ஒன்னு ஒன்னு சைபர் சைபர் ஒன்னு ஒன்னு, சார்."

"சரியான விடை. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கம்மா."

விக்டோரியா ஏதோ சொல்ல வரதன் பக்கம் திரும்பினாள். அவன் தலையை மட்டும் லேசாக ஆட்டினான். அவள் அதிகாரிக்கு நன்றி சொல்லிவிட்டு வேகமாக வெளியே நடந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் மணவாளன் விடவில்லை.

"உனக்குத் தெரியாதா அது? எனக்கே நீதான சொல்லிக் குடுத்த. ஏன் கம்முனு நின்ன?"

"எனக்கு ரோலிங் மில்லுல வேலை கீதுப்பா. இது கெடைச்சா நல்லாருக்கும்னு வந்தேன், அவ்ளோதான். அது நல்லாப் படிச்ச பொண்ணு. ஊட்ல சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா பாவம் இல்லியா?"

"ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் பாவம் பாக்க நீ யாரு?" மணவாளன் நின்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். "உண்மையச் சொல்லு. அது மேல கண்ணு வெச்சிட்ட, அதான?"

"வெச்சிட்டேன்தான்" என்றான் வரதன். அவன் முகத்தில் தோற்றவனின் சாயலே இல்லை. வேலை கிடைத்தது அவனுக்குத்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

ஸ்டேஷன் வாசல் டீக்கடை அருகே, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முன்னால் போன விக்டோரியா அவளிடமிருந்து குழந்தையை வாங்கினாள். அது "அம்மா" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் அதன் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள்.

மணவாளனுக்கு மனசு கேட்கவில்லை. வரதனின் தோளில் கை வைத்தான்.

"பாத்தியா பிரதர்? கல்யாணம் ஆயி கொழந்தையும் கீது. இது தெரியாம கைல வந்த வேலைய உட்டுட்டியே. சரி உடு, மனச தேத்திக்க. வா, ஒரு டீ வாங்கித் தரேன்."

அதற்குள் விக்டோரியாவின் தோளில் இருந்த குழந்தை அவர்களைப் பார்த்துவிட்டது. இரண்டு கைகளையும் நீட்டி, "நைனா" என்று வரதனிடம் தாவியது.