வாழைநார் முடிச்சு

காலை வெயில் மேசையில் விழுந்து, வாழைநாரால் சேர்த்துக் கட்டிய இரண்டு கோப்புகளைப் பளிச்சென்று காட்டுகிறது. சுருளிப்பட்டி அண்ணன், தங்கையின் கோப்புகள். அவன் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்கிறான், அவள் பக்கத்திலேயே வேறோர் இல்லத்தில். பழைய மென்பொருளுக்கு அவர்கள் யாரோ எவரோ. உறவைச் சொன்னது களப்பணியாளர் அனுசுயா போட்ட இந்த முடிச்சு மட்டும்தான். குழந்தைகள் நல அலுவலகம் புது மென்பொருளுக்காக அமர்த்திய ஆலோசகர் இத்ரீஸ், மடிக்கணினியை அனுசுயா பக்கம் திருப்புகிறார். “அண்ணனை மட்டும் மதுரைக்கு மாத்திப் பாருங்க சார்,” என்கிறார் அனுசுயா. இத்ரீஸ் தட்டுகிறார். ‘முடியாது. தங்கை இருக்கிறாள்’ என்று திரை சிவக்கிறது. “இதுக்குத்தேன் சார் மூணு மாசமா ஒங்களோட மல்லுக்கட்டுனேன்!” சோதனையைப் பார்க்கக் கூடியிருக்கும் ஊழியர்கள் எல்லோரும் கைதட்டுகிறார்கள். இத்தனை நாள் யாரையும் தொடவிடாத முடிச்சை அனுசுயாவே அவிழ்க்கிறார்.